பன்னிரண்டு சால்வைகளும் ஒரு மினி பஸ்ஸும்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, ஸ்டேஷனரி கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். உள்ளே இருபது கட்டு மஞ்சள் ஒட்டுத்தாள்களும் நாற்பது மார்க்கர் பேனாக்களும் இருந்தன. மீட்டிங் நடத்த வந்திருக்கிறேன் என்றேன். "மீட்டிங்குக்கு எதுக்குங்க இவ்வளவு பேனா?" என்று சிரித்தபடி பெட்டியை மூடினார். அவருக்குத் தன் ஊர்க் கூட்டங்களைப் பற்றித் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கடல் தாண்டி, ஈப்போ நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களோடு நட்பு ஒப்பந்தம் போட்டிருக்கும் பாலிடெக்னிக் ஒன்று தஞ்சாவூர் சாலையில் காட்டூரைத் தாண்டி இருக்கிறது. அவர்கள் அடுத்த ஐந்தாண்டுக்குத் திட்டம் எழுதுகிறார்கள். பட்டறை முதலாளிகள், ஊராட்சித் தலைவர்கள், பெற்றோர்கள் என்று சமூகப் பங்காளிகளை உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அந்த ஒருநாள் கூட்டத்தை நடத்தித் தரத்தான் என்னை வரவழைத்தார்கள்.

முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். "வருகிறவர்களை உரிய மரியாதையுடன் நடத்த வேண்டும்" என்று அதில் ஒரு வரி. எங்கள் கல்லூரியில் பெற்றோர்களை வராந்தாவில் நிற்கவைத்துவிட்டு அப்புறம்தான் நாற்காலி தேடுவார்கள். அந்த எரிச்சலில் எழுதிய வரி அது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தங்கியது ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசல் பக்கம் ஒரு விடுதியில். அழைத்துப்போன ஆட்டோக்காரர் வந்த காரியத்தை விசாரித்தார். பங்காளிகளை வைத்துக் கூட்டம் என்றேன். "பங்காளிங்களா? அப்ப சண்டை உண்டுங்க" என்றார். சண்டை வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

விடுதிக்கு எதிரே முரளி என்பவரின் மெஸ். நாற்பது வயதிருக்கும். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து மெஸ் வைத்திருக்கிறார். நெற்றியில் திருமண், காதில் ப்ளூடூத். "வாங்கோ மாமி, தளிகை ஆயிடுத்து. பெருமாளைச் சேவிச்சாச்சா?" என்றார். இன்னும் இல்லை, பசி முந்திக்கொண்டது என்றேன். "பரவாயில்லை, பெருமாள் எங்கேயும் போக மாட்டார். சாத்தமுது ஆறிடும்" என்று இலையைப் போட்டார். சமையலைத் தளிகை என்றும் ரசத்தைச் சாத்தமுது என்றும் அங்கே சொல்கிறார்கள். ஈப்போவில் எங்கள் தெருக்கடை ரசம் காரத்தில் கண்ணைக் கலங்கவைக்கும். இது மிளகும் நெய்யுமாகத் தொண்டையில் மெதுவாக இறங்கியது. மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

மறுநாள், புதன்கிழமை காலை, கல்லூரி வாசலில் என்னை நானே வரவேற்றேன். ஃப்ளெக்ஸில் பத்து வருடத்துக்கு முந்தைய என் படம், ஆளுயரத்துக்கு. முதல்வர் சிவராமன் ஓடிவந்து கைகுவித்தார். நல்ல மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா, பேச்சில் அவசரம், முகத்தில் உண்மையான சந்தோஷம். "நீங்க எழுதின மாதிரியே செஞ்சிருக்கோம் மேடம். மரியாதையில ஒரு குறையும் இருக்காது" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தால் மேடை. மேடையில் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள், வெள்ளை உறை போட்டு. பங்காளிகள் பன்னிரண்டு பேரும் கல்யாண மாப்பிள்ளைகள் போல விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மாணவர்கள். நான் கேட்டிருந்த வட்ட மேஜைகளைக் காணோம். என் ஒட்டுத்தாள்கள் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை. பிறகு பொன்னாடை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, பெருமை சொல்லி, சால்வை போர்த்தி, மலைக்கோட்டை பொறித்த பித்தளைத் தட்டு கொடுத்து, படம் எடுத்து, கைதட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம். சித்திரை வெயில். மின்விசிறி மேடையின் ஓரத்தில் தனக்குத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் ஹாஜா பாய் சால்வைக்குள் வியர்த்து வழிந்தார். எனக்கும் ஒரு சால்வை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், போர்த்தும்போது எனக்கும் மனசு கொஞ்சம் குளிர்ந்துதான் போனது.

பிறகு முதல்வர் திட்டத்தை வாசித்தார். முக்கியமான செய்தி ஒன்றுதான். கல்லூரியிலுள்ள புது இயந்திரங்களைப் பகலில் சுற்றுவட்டாரப் பட்டறைகள் பயன்படுத்திக்கொள்ளும். பதிலுக்குப் பட்டறை ஆட்கள் மாணவர்களுக்கு மாலை ஆறரை வரை செய்முறைப் பயிற்சி கொடுப்பார்கள். ஜூன் மாதத்திலிருந்து. கேட்டதும் நானே கைதட்டினேன். எங்கள் கல்லூரியில் இப்படி ஒன்றுக்காக ஆறு வருடமாக மன்றாடுகிறோம்.

"உங்க கருத்துகளைச் சொல்லலாம்" என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். ஹாஜா பாய், "மாஷா அல்லாஹ், அருமையான திட்டம்" என்றார். அடுத்தவர் வாழ்த்தினார். அதற்கடுத்தவர் முதல்வரையும் சேர்த்து வாழ்த்தினார். கடைசி நாற்காலியில் ஒரு பெண். செல்வராணி, வையம்பட்டிப் பக்கத்து விவசாயி, இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் காவ்யாவின் அம்மா என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அவர் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார். வாயைத் திறந்தார். தோளில் கிடந்த சால்வையைக் குனிந்து பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சாப்பாடு, பிரியாணி.

அன்று மாலை மெஸ்ஸில் முரளியிடம் கூட்டம் பிரமாதம், ஒரு குறைகூட யாரும் சொல்லவில்லை என்றேன். என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் பக்கத்து மேஜையைக் காட்டினார். சாப்பிட்டு முடித்த ஒருவர் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். இலையில் புடலங்காய்க் கறி அப்படியே இருந்தது. "வாயைக் கேட்டா நன்னாருக்குன்னுதான் சொல்லும் மாமி. அடியேன் இலையைத்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, "நாளைக்குப் புடலங்காய் வேண்டாம்டா!" என்று கத்தினார்.

அறைக்கு வந்து, பன்னிரண்டு பேரும் நிரப்பித் தந்த கருத்துப் படிவங்களைக் கட்டிலில் பரப்பினேன். எல்லாவற்றிலும் "மிக நன்று." செல்வராணியின் தாளிலும் அதே டிக். ஆனால் "மாலை 6.30 வரை பயிற்சி" என்ற வரிக்குப் பக்கத்தில் பேனா முனையை அழுத்தி அழுத்தி ஊன்றியிருந்தார். தாளில் ஓட்டை விழுந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு முதல்வருக்கு போன் செய்து, நாளை காவ்யாவோடு அவள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "கார் அனுப்பட்டுமா மேடம்?" என்றார். அந்தப் பெண் எதில் போகிறாளோ அதில் போகிறேன் என்றேன்.

காவ்யா ஒல்லியான பெண். யூனிபார்ம் சட்டையில் கிரீஸ் கறை. லேத்தில் நூலிழை வித்தியாசத்தைக் காதாலேயே கண்டுபிடிப்பாள் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். நாலேகாலுக்கு வகுப்பு விட்டதும் கிளம்பினோம். சத்திரம் பேருந்து நிலையம் போகிற பஸ் காலியாக வந்தது, அது வேறு பக்கம் என்று அதை விட்டாள். மத்திய பேருந்து நிலையம் போகிற பஸ்ஸில் நின்றபடி போனோம். அங்கிருந்து பஞ்சப்பூர் புது நிலையத்துக்கு இன்னொரு பஸ். "முன்னெல்லாம் வெளியூர் பஸ்ஸும் இங்கேயே நிக்குங்க மேடம். இப்ப ஒரு பஸ் கூடுதல்" என்றாள். பெரிய நிலையம், பளபளவென்று. எங்கள் ஈப்போ பேருந்து நிலையம் வெட்கப்படும். ஆனால் அதை ரசிக்க அவளுக்கு நேரம் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததும் அவளுடைய கணக்கைச் சொன்னாள். வையம்பட்டியிலிருந்து அவள் ஊருக்குக் கடைசி மினி பஸ் ஏழு மணி. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் இந்த பஸ் போய்ச் சேரும். தினமும் அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் படிக்கிறாள்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். மணப்பாறை நிலையத்தில் பஸ் நின்றது. கடையில் முறுக்கு சரம் சரமாகத் தொங்கியது. மணப்பாறை வரை வந்துவிட்டு முறுக்கு வாங்காமல் போனால் ஈப்போவில் என் அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள். ஒரே நிமிஷம் என்று இறங்கினேன். கடைக்காரர் காரமா, வெண்ணெயா, தேங்காய்ப் பாலா என்று கேட்டார். நான் யோசித்தேன். திரும்பிப் பார்த்தால் பஸ் நகர்கிறது. காவ்யா என் பையையும் தன் பையையும் அணைத்துக்கொண்டு ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து வந்தாள். "என்னம்மா, நீ போயிருக்கலாமே?" என்றேன். "உங்களுக்கு வழி தெரியாதுங்களே மேடம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முறுக்குப் பொட்டலத்தோடு அடுத்த பஸ் பிடித்து வையம்பட்டியில் இறங்கும்போது ஏழேகால். மினி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வாழைப்பழ வண்டிதான் நின்றது. காவ்யா போனை எடுத்து, "அப்பா, பஸ் போயிடுச்சு" என்றாள். அரை மணி நேரம் கழித்து அவள் அப்பா பழனிச்சாமி டிவிஎஸ் வண்டியில் வந்தார். என்னைக் கும்பிட்டார். மகளைப் பார்த்து, "இன்னைக்கே இப்படின்னா ஜூன்ல?" என்று மட்டும் கேட்டார். முறுக்குப் பொட்டலம் என் மடியில் கனத்தது. மூன்று பேரும் ஒரே வண்டியில், ஏழு கிலோமீட்டர், விளக்கில்லாத முருங்கைத் தோட்டங்களின் நடுவே போனோம். அந்தப் பெண்ணின் நிலைமை எனக்கு என் இடுப்பு எலும்பு வழியாகத்தான் புரிந்தது.

செல்வராணி கம்பங்களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். சாப்பிடவிட்டுவிட்டுத்தான் பேசினார். ஆறரைக்கு வகுப்பு விட்டால் காவ்யா வையம்பட்டி வந்து சேர ஒன்பதரை ஆகும். தினமும் அந்த நேரத்துக்குப் போய்க் கூட்டிவர முடியாது. மின்சாரம் வருகிற நேரம் பார்த்து அப்பா தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

"நூல் மில்லு ஏஜென்ட் வந்து பேசிட்டுப் போயிருக்காருங்க. வேலை போட்டுத் தராங்களாம். வேன் வாசலுக்கே வந்து ஏத்திக்கிட்டு, வாசல்லயே இறக்கி விடுமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். இவங்க அப்பாவும் ஒத்துக்குற மாதிரிதான் இருக்காரு."

"இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தாங்க வந்தேன். ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்." மடித்துவைத்திருந்த சால்வையைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். "இதைப் போத்திட்டாங்களே. மரியாதை பண்ணின இடத்துல நின்னுக்கிட்டு எப்படிங்க குறை சொல்றது? சோறு போட்ட வீட்டுல உப்பு இல்லன்னு சொல்ற மாதிரி ஆகிடாது?"

அந்தச் சால்வையைப் போர்த்தியது சிவராமன் அல்ல, ஈப்போவிலிருந்து கடிதம் எழுதிய நான்தான் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று அங்கேயே படுத்தேன். காலையில் ஐந்தேமுக்காலுக்குக் காவ்யா தலைவாரி, டிபன் டப்பாவோடு நின்றாள். அவளோடு நானும் கிளம்பினேன்.

முதல்வர் அறையில் எனக்கும் அவருக்கும் நல்ல சண்டை. ஆட்டோக்காரர் வாக்கு தாமதமாகப் பலித்தது. சனிக்கிழமை திட்டத்தைக் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும், பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எப்படி மாற்றுவது என்று அவர் கேட்டார். ஒரே ஒரு தடவை அந்த பஸ்ஸில் வந்து பாருங்கள் என்றேன். "நானும் பஸ்ல வந்து படிச்சவன்தான் மேடம்" என்றார். அப்படியென்றால் வருவதற்கு என்ன என்றேன். மூன்று பேனாவில் ஒன்றைத் திறந்து மூடினார். பிறகு காவ்யாவுக்கு அரைநாள் அனுமதி எழுதச் சொன்னார்.

அன்று பிற்பகலே மூவரும் புறப்பட்டோம். இரண்டாவது பஸ்ஸிலேயே சிவராமனின் இஸ்திரி கலைந்துவிட்டது. மணப்பாறையில் நான் இடத்தைவிட்டு அசையவில்லை. சிவராமன் கையில் ஆப்பிள் பையோடு வந்திருந்தார். பெரிய மனிதர் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவாரா? ஐந்தரைக்கு மினி பஸ்ஸில் போய் இறங்கினோம்.

செல்வராணிக்கு மகள் போனில் சொல்லியிருந்தாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரையும் வரச் சொல்லியிருந்தார். முதல்வர் உட்கார்ந்ததும், "அம்மா, ஒரு விஷயம் நான் விளக்கமா…" என்று ஆரம்பித்தார். "இருங்க சார்" என்று உள்ளே போன செல்வராணி அதே சால்வையோடு வந்தார். இரண்டு கையாலும் விரித்து அவர் தோளில் போர்த்தினார். பெண்கள் கைதட்டினார்கள். சிவராமன் பழக்கதோஷத்தில் கைகுவித்து எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். இப்ப மரியாதை உங்களுக்குப் பண்ணியாச்சு. நீங்க எங்க விருந்தாளி. இனிமே நாங்க பேசுறோம், நீங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

செல்வராணி மனப்பாடம் செய்ததைச் சொன்னார். காலை ஐந்தேமுக்கால் முதல் கடைசி மினி பஸ் வரை ஒன்றுவிடாமல். நேற்று பஸ் போனதையும் சொன்னார். முறுக்கு விஷயத்தை விட்டுவிட்டார். "எங்க ஊருலேருந்து பாலிடெக்னிக் போற பொண்ணு இவ ஒருத்திதான் சார். இவ நின்னுட்டா, இந்தா உக்காந்திருக்குற இவங்க வீட்டுப் புள்ளைங்க எவளையும் பின்னால அனுப்ப மாட்டாங்க."

"அம்மா, லேடீஸ் ஹாஸ்டல்…"

"சார், சால்வை" என்றார் செல்வராணி. அவர் வாயை மூடிக்கொண்டார். "ஹாஸ்டல் அஞ்சாவது வருஷம் கட்டுவோம்னு உங்க திட்டத்துல போட்டிருக்கு. படிச்சேன். இவளுக்குப் படிப்பு பாக்கி ஒரு வருஷம்தான் சார்."

சிவராமன் தலையைக் குனிந்து சால்வையின் ஜரிகையை விரலால் நெருடினார். அவருக்கு நன்றாக வியர்த்தது. ஆனால் கழற்றவில்லை. பிறகு போனை எடுத்து ஹாஜா பாயைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் காலையில் பயிற்சிக்கு இயந்திரத்தை விட்டுத்தர முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா, சார். நமக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு. ஆனா இதை அந்தம்மா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சால்வை போட்டுட்டோம், பாய்."

மறுமுனையில் பாய் சிரித்தார். "அதுவும் சரிதான். எனக்கும் ரெண்டு விஷயம் சொல்ல இருந்துச்சு. நாளைக்கு நேர்ல வரேன். சால்வை வேணாம், டீ மட்டும் போதும்."

சிவராமன் திட்டத் தாளை முழங்காலில் வைத்து அந்த ஆறரை மணி வரியை அடித்தார். மேலே புதிதாக எழுதி, செல்வராணியிடம் நீட்டினார். அவர் வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பழனிச்சாமி, யாரையும் பார்க்காமல் போனைக் காதில் வைத்தார். "அண்ணே, வேன் வேணாம்ணே. புள்ள காலேஜுக்குப் போகுது" என்றார். காவ்யா சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் அழுதிருப்பாள். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

நான் கொண்டுவந்திருந்த ஒட்டுத்தாள்களைக் காவ்யாவின் மேஜையில் வைத்தேன். அதற்குள் தெருமுனையில் ஹாரன். வையம்பட்டிக்குத் திரும்பிப் போகிற கடைசி மினி பஸ். ஓடிப்போய் ஏறினோம். நெரிசலில் நின்ற சிவராமனின் தோளைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், சால்வையெல்லாம்? ஊருல ஏதும் விசேஷமா?"

"கூட்டம்ப்பா" என்றார் முதல்வர். "புதன்கிழமை நடந்திருக்க வேண்டியது. இன்னைக்குத்தான் நடந்துச்சு. வையம்பட்டி ரெண்டு."